மூன்றாம் வரியில் எடுத்த மூச்சு

ஆசீர்,

போன ஞாயிற்றுக்கிழமை பூனாவிலிருந்து நீ போனில் கேட்டதற்கு, "தேடிப் பார்க்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பொய். தேடினாலும் கிடைக்காது என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் பிரசங்க பீடத்தில் நின்று ஊருக்கெல்லாம் உண்மை பேசச் சொன்னவன், பெற்ற பிள்ளையிடம் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறேன். மறுபடி போன் செய்து சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் உன் சுபாவம் எனக்குத் தெரியும். நான் பாதி சொல்வதற்குள் "பரவால்லப்பா, விடுங்க" என்பாய். அதைக் கேட்டு நானும் நிம்மதியாக விட்டுவிடுவேன். அப்படிச் சுலபமாகத் தப்பிக்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். கல்யாண வேலைகளுக்கு நடுவே நீளமான கடிதம் படிக்க உனக்குப் பொறுமை இருக்காது. இருந்தாலும் கடைசிவரை படி. இதோடு ஒரு கேசட்டும் வரும். கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை அதைப் போடாதே.

நீ கேட்டது சின்ன விஷயம்தான். அடுத்த மாதம் தாம்பரத்தில், நீ ஞானஸ்நானம் பெற்ற கோவிலிலேயே, உனக்கும் ஷீபாவுக்கும் கல்யாணம். அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. ஷீபா அவளைப் பார்த்ததே இல்லை. "அப்பா, நீங்க ஊர் ஊரா போய் கிராமத்துப் பாட்டெல்லாம் ரெக்கார்ட் பண்ணீங்களே, டிரங்குப் பெட்டி நிறைய கேசட் இருக்கே. அம்மாவும் உங்ககூட வந்தாங்க இல்ல? அதுல எங்கயாவது அம்மா பாடினது இருக்கும். ஒரு நிமிஷம் இருந்தாக்கூட போதும்பா. கல்யாணத்துல போடணும். ஷீபா கேக்கணும்" என்றாய். உன் குரல் அந்த "ஒரு நிமிஷம்" என்ற இடத்தில் உடைந்தது.

தெரிந்தும் தேடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, மூன்று நாள் மத்தியானங்களில் ஒவ்வொரு கேசட்டாகப் போட்டுக் கேட்டேன். நாற்று நடும் பாட்டு, ஏற்றப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, படகு தள்ளுகிறவர்களின் பாட்டு. எல்லாம் சுத்தமாக இருக்கின்றன. அந்தச் சுத்தத்தில் எனக்கு எவ்வளவு கர்வம் என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் ஒரு "டக்" கேட்கும். பாட்டு முடிந்ததும் இன்னொரு "டக்". இத்தனை வருடமாக அதை இயந்திரத்தின் சத்தம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது கேட்கும்போதுதான் புரிகிறது. அந்த "டக்" இருக்கும் இடத்தில்தான் உன் அம்மா இருந்தாள்.

அது எப்படி என்று விவரமாகச் சொல்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் என்னைக் கேளம்பாக்கம் பக்கத்துக் கிராமச் சபைகளையும் சேர்த்துக் கவனிக்கச் சொன்னார்கள். எனக்கு அப்போது ஒரு வெறி. நம் கோவிலில் எத்தனை நாளைக்கு வெள்ளைக்காரனிடம் கடன் வாங்கிய ராகத்திலேயே பாடுவது, உழுகிறவனும் வலை போடுகிறவனும் பாடும் மெட்டு ஏன் ஆர்மோனியத்துக்கு ஆகாது என்று சேகரக் கமிட்டியில் சண்டை போட்டேன். "ஐயா, நாளைக்குப் பறையும் தூக்கிட்டு வருவீங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "கொண்டு வந்தா வாசிக்க ஆள் இருக்கான்" என்றேன். அவர் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அந்த வீம்பில்தான் டேப் ரிக்கார்டரை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு, பின்னால் உன் அம்மாவை ஏற்றிக்கொண்டு, சனிக்கிழமைதோறும் கிளம்பினேன். உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவோம். நீ கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுவாய்.

முதல் மூன்று சனிக்கிழமை கேளம்பாக்கத்துக்கும் கோவளத்துக்கும் நடுவே இருக்கும் உப்பளத்தில் ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. வெயிலில் வரிசையாக நின்று நீண்ட கட்டையால் உப்பை இழுத்துக் கூட்டிக்கொண்டே பாடுகிற பெண்கள், வெள்ளை அங்கிக்காரன் வரப்பில் கால் வைத்தவுடன் வாயை மூடிக்கொண்டார்கள். பாதிரியை அவர்கள் ஐயர் என்றுதான் சொல்வார்கள். கேட்டால், "ஐயரு முன்னாடி இன்னாத்த பாடறது, வெக்கமா கீது" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். நான்காவது வாரம் உன் அம்மா, "நீங்க அந்தப் பக்கம் போங்க. பெட்டிய எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க" என்றாள். நான் மேஸ்திரியோடு பேசிக்கொண்டு தள்ளி நின்றேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களோடு வரப்பில் உட்கார்ந்தாள். யாருக்கு எத்தனை பிள்ளை, உப்புத் தண்ணியில் காலில் வந்த புண்ணுக்கு என்ன போடுகிறார்கள் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, "நான் ஒண்ணு பாடுதேன், பதிலுக்கு நீங்க ஒண்ணு பாடணும். சம்மதமா?" என்றாள். அவளுடைய தெற்கத்திப் பேச்சு "பாடுதேன்" அவர்களுக்கு வேடிக்கையாகிவிட்டது. "பாடுதேனாமே! பாடு பாடு, பாடுதேன்" என்று முனியம்மா கிண்டல் செய்ததும் வரப்பு முழுக்கச் சிரிப்பு. முனியம்மாதான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி, வாயும் குரலும் அவளுக்குத்தான் பெரிது. உன் அம்மா பாடினாள். அவர்கள் பதிலுக்குப் பாடினார்கள். அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் எங்கள் வேலை அப்படித்தான் நடந்தது. அவள் ஒரு பாட்டுக் கொடுப்பாள், அவர்கள் ஒரு பாட்டுத் திருப்பித் தருவார்கள். நான் மரத்தடியில் மணி பார்த்துக்கொண்டு நிற்பேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வேலை. சாப்பாட்டு மேசையில் இரண்டு டேப் ரிக்கார்டர்களை ஒயரால் இணைத்து, அங்கே பதிவானதை இன்னொரு கேசட்டில் ஏற்றுவேன். வேண்டாதது வரும்போது நிறுத்துகிற பட்டனை அமுக்குவேன். நாய் குரைப்பது, குழந்தை அழுவது, பஸ் ஹாரன், உன் அம்மாவின் பாட்டு, உன் அம்மாவின் சிரிப்பு, "எக்கா, இன்னொரு தடவ அந்த மேல போற வரிய மட்டும் பாடுங்க" என்று அவள் கேட்பது. எல்லாம் எனக்கு ஒரே கணக்கு, குப்பை. ஆராய்ச்சி என்றால் அசல் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவள் பாடுவது மீனுக்குப் போடும் புழு. மீன் கிடைத்த பிறகு புழுவை யார் வைத்துக்கொள்வார்கள்? ஏற்றி முடித்ததும் பழைய கேசட்டின் மேலேயே அடுத்த வாரம் பதிவு செய்வேன், நல்ல கேசட் அப்போது லேசில் கிடைக்காது. நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் பாடியவர் பெயர், ஊர், என்ன வேலையின்போது பாடுவது என்று கட்டம் போட்டு எழுதுவேன். கூடப் பாடிய பெண்களின் பெயரையும் விடமாட்டேன். நான் நியாயமானவன் என்பதற்கு அந்த நோட்டைத்தான் எல்லாரிடமும் காட்டுவேன். இப்போது அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்த்தேன். உன் அம்மா பெயர் ஒரு கட்டத்தில்கூட இல்லை.

இதில் இன்னும் மோசமானது ஒன்று இருக்கிறது. நான் எழுதியவற்றில் ஊரெல்லாம் பாடுவது எது என்று உன்னைக் கேட்டால் யோசிக்காமல் அறுப்பின் பண்டிகைப் பாட்டு என்பாய். மழை தந்தீர், விளைச்சல் தந்தீர் என்று போகுமே, அது. எத்தனையோ சேகரத்துக் கோவில்களில் பாடுகிறார்கள். புத்தகத்தில் "மெட்டு: உப்பளத் தொழிலாளர் பாட்டு" என்று அடியில் போட்டு, சொல்லுக்கு என் பெயர் இருக்கிறது. அந்த மெட்டு முனியம்மா கூட்டம் பாடியது. அதன் மூலப்பாட்டு இப்படி இருக்கும்:

கருத்த மேகமே கடலுக்குப் போ
வெளுத்த உப்பு விளையுது பார்
அள்ளி முடிக்கிற மட்டுக்கும் நீ
அக்கரை மேலே நின்னுட்டுப் போ

மழை வேண்டாம் என்று கெஞ்சுகிற மெட்டில் மழைக்கு நன்றி சொல்லி எழுதினேன் பார், அந்த அளவுக்குத்தான் எனக்குப் புத்தி. அதைக் கேளம்பாக்கம் கிராமச் சபையில் முதன்முதலாகப் பாடிய அன்று, பண்டிகை ஏலத்துக்கு வந்திருந்த முனியம்மா வாசலிலேயே என்னை மறித்தாள். "இன்னா ஐயரே, அந்தப் பாட்ட வெச்சே மழைய கூப்ட்டுக்கினு கீறீங்களே! மழ வந்தா எங்க உப்பு இன்னாவறது?" என்றாள். எல்லாரும் சிரித்தோம். உன் அம்மாவும் சிரித்தாள். அவள் மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தாள் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது.

அந்தப் பாட்டில் மூன்றாவது வரியில் "அள்ளி" என்றதும் ஒரு நிறுத்தம் வரும். அரைத் தாளம் காலியாக நிற்கும், பிறகுதான் "முடிக்கிற மட்டுக்கும்" என்று எடுப்பார்கள். என் பாட்டிலும் அதே இடத்தில் அதே நிறுத்தத்தை வைத்தேன். பாடகர் குழுவில் யாராவது அதை விழுங்கிவிட்டுப் பாடினால் கோலால் மேசையைத் தட்டுவேன். நீயும் அடி வாங்கியிருக்கிறாய். ஓர் இறையியல் கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, இந்த நிறுத்தத்தைப் பற்றி மட்டும் முக்கால் மணி நேரம் பேசினேன். கட்டையை இழுக்கிறவள் உப்பின் பாரம் கையில் ஏறும் இடத்தில் மூச்சைப் பிடிக்கிறாள், அந்தப் பிடிப்புதான் இங்கே மௌனமாக நிற்கிறது, தலைமுறை தலைமுறையான உழைப்பு இந்த அரைத் தாளத்துக்குள் இருக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினேன். பையன்கள் எழுதிக்கொண்டார்கள். உன் அம்மா கடைசி பெஞ்சில் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும்போது பெருங்களத்தூரில் பஸ்ஸுக்காக நின்றோம். பொங்கலுக்கு முந்தின நாள். ஊருக்குப் போகிற கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. ஒரு மணி நேரமாக எந்த பஸ்ஸும் நிற்கவில்லை. அவள் பொழுது போகாமல் அந்தப் பாட்டை முணுமுணுத்தாள். அவளுக்கு இளைப்பு உண்டு என்பது உனக்கும் தெரியும், பனிக்காலத்தில் பேசினாலே மூச்சு விசில் அடிக்கும். "சும்மா இரு, எல்லாரும் பாக்குறாங்க" என்றேன். நிறுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லா பேசினீங்க. ஆனா அந்த மூணாவது வரியில நிக்கது கட்டைக்காக இல்லன்னா?" என்று கேட்டாள். எனக்குச் சுரீர் என்றது. "உனக்கு என்ன தெரியும் இதுல? அஞ்சு வருஷமா அதைக் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கேன்" என்றேன். "சரிங்க" என்றாள். பிறகு நீ வீட்டில் சாப்பிட்டிருப்பாயா என்று கவலைப்பட ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. கடைசியில் அந்த மூச்சுதான் அவளைக் கைவிட்டது.

இனி போன புதன்கிழமைக்கு வருகிறேன். கேசட் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது ஒன்று ஞாபகம் வந்தது. ஒருமுறை நான் பேராயர் கூட்டத்துக்கு வெளியூர் போயிருந்த வாரம், உன் அம்மா தனியாகவே பஸ்ஸில் உப்பளத்துக்குப் போய்வந்தாள். அன்று பதிவான கேசட்டை நான் வெட்டுவதற்கு முன்பே முனியம்மாவுக்குக் கொடுத்துவிட்டாள். "அவ மருமகன் பாட்டுப் பெட்டி வாங்கியிருக்கானாம், ஆசையாக் கேட்டா" என்றாள். நல்ல கேசட்டை இப்படித் தானம் பண்ணிவிட்டாயே என்று நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். அந்த ஒரு கேசட்டில் அவள் இருப்பாள். அதைப் பிரதி எடுக்கலாம் என்று இரண்டு ரிக்கார்டரையும் புதுக் கேசட் ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு, தாம்பரத்தில் பஸ் ஏறினேன். எனக்கு ஸ்கூட்டர் ஓட்டுகிற தெம்பு இப்போது இல்லை. வழியில் பாதி உப்பளங்களைக் காணோம், மனைக்குக் கல் நட்டிருக்கிறார்கள். சிறுசேரிப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரப்போவதாக பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். நீ ஒருநாள் அங்கேயே வேலைக்கு வந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று ஒரு கணக்கும் போட்டேன்.

முனியம்மா இப்போது கேளம்பாக்கம் கூட்டுரோட்டில் இட்லிக் கடை போட்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "ஐயரே! இன்னா இப்பிடி எளைச்சிப் பூட்டீங்க? அம்மா போன சேதி எங்களுக்கு ஆறு மாசம் கழிச்சித்தான் தெரியும். ஒரு ஆளு வுட்டு சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டமா நாங்க?" என்று கேட்டாள். பேராயருக்குச் சொன்னேன், கமிட்டிக்குச் சொன்னேன், பேப்பரில்கூடப் போட்டேன். இவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேசட்டைப் பற்றிக் கேட்டேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அது எங்க கீது! பேரப்பய நாடாவ உருவிக்கினு போயி நெல்லு வயல்ல கட்டிட்டான், குருவி வெரட்ட. பளபளன்னு ஆடிக்கினு இருந்துச்சி. ஐயோ, அதுக்கா இம்மாந்தூரம் வந்தீங்க?"

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மறைப்பானேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் எழுந்து தள்ளிப் போனார்கள். முனியம்மா ஒரு தட்டில் இட்லி வைத்து என் முன்னால் நகர்த்தினாள். "நாடா போனா போவுது வுடுங்க. அம்மா பாட்டு இங்கதான கீது" என்று சொல்லிவிட்டு, மாவை ஊற்றிக்கொண்டே பாட ஆரம்பித்தாள். கருத்த மேகமே கடலுக்குப் போ. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"இது உங்க பாட்டாச்சே முனியம்மா. நீங்க உப்பளத்துல பாடறது" என்றேன்.

"எங்க பாட்டா? இன்னா ஐயரே, உங்களுக்குத் தெரியாதா? அம்மா பாட்டு இது. வந்து பழகுன புதுசுல, மழ வந்தா இன்னா பண்ணுவீங்கன்னு கேட்டாங்க. உப்பு கரைஞ்சி பூடும், அந்த வாரம் அடுப்பு எரியாதுன்னு சொன்னோம். கம்முனு குந்திக்கினு இருந்தாங்க. அப்பால, 'இது சரியா இருக்கா பாருங்க'ன்னு இத்த பாடிக் காட்டுனாங்க. எங்க ஆத்தா காலத்துப் பாட்டெல்லாம் வேற. இது அம்மா எங்களுக்குன்னு கட்டுனது."

ஆசீர், அந்த வாரக் கேசட்டில் உன் அம்மா அதைப் பாடியதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். முதலில் அவள் பாடினாள், பிறகு அவர்கள் பாடினார்கள். முன்னால் நடந்த பேச்சைக் கேட்காமலே ஓட்டிவிட்டு, அவள் பாடியதையும் வெட்டி, அவர்கள் பாடியதை வைத்துக்கொண்டேன். இவர்களிடம் கற்றதை இவர்களிடமே பாடிக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். அவளே கட்டியிருக்கலாம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் பாட்டுக் கட்டலாம், ஏற்றம் இறைப்பவன் கட்டலாம், படகுக்காரன் கட்டலாம், நான் கட்டலாம். என் வீட்டில் எனக்குச் சோறு போடுகிறவள் மட்டும் எங்கோ கேட்டதைத்தான் பாடுவாள் என்று எனக்குள் ஒரு முடிவு. இதைவிட வெளிப்படையாக என் தவற்றை எனக்கு எழுதத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று கேட்டேன். "மூணாவது வரில 'அள்ளி'ன்னதும் நிக்கிறீங்களே, அது கட்டை இழுக்கறதுக்குத்தானே?" முனியம்மா சிரித்தாள். "கட்டைக்கும் அதுக்கும் இன்னா சம்மந்தம்? அம்மாக்கு அங்க மூச்சு வாங்கும். அவங்க நிப்பாங்க, நாங்களும் நிப்போம். இப்ப அங்க நிக்காம பாடச் சொன்னா எங்களுக்குப் பாடவே வராது."

அந்த இடத்தில் நானும் சிரித்தேன். முக்கால் மணி நேரம் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவன் என்ன செய்வான்? எத்தனை ஊர்க் கோவில்களில், எத்தனை பேர், பார்த்தே இராத ஒரு பெண்ணின் இளைப்புக்காக அந்த வரியில் நின்று போகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். உன் முதுகில் கோலால் தட்டியும் அதைத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அவள் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். பெருங்களத்தூரில் சொல்ல வந்தாள், நான்தான் விடவில்லை. அதற்கு முன்னாலும் சொல்ல வந்திருப்பாள். நான் கேட்காததால் எனக்கு நினைவில்லை.

கல்யாணத்துக்குப் புத்திமதி எழுதாத தகப்பன் உண்டா? உனக்கு ஒன்றே ஒன்று. நிச்சயதார்த்தத்தன்று ஷீபா தன் ஆஸ்பத்திரி வார்டில் ஒரு பாட்டியம்மா அடித்த லூட்டியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் நீ குறுக்கே புகுந்து, "அதாவது அவ என்ன சொல்றான்னா" என்று மீதியை நீயே சொல்லி முடித்தாய். நன்றாகத்தான் சொன்னாய், எல்லாரும் சிரித்தோம். அவள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அன்றைக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. இந்த வாரம் அந்தக் கேசட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது. நீ என் பிள்ளை, என் விரல் பழகிய பட்டன் உன் நாக்கில் இருக்கிறது. அதை எடுத்து எறி. அவள் சுற்றி வளைத்துப் பேசினால் பேசட்டும், இழுத்தால் இழுக்கட்டும். உனக்குத் தெரிந்த கதையாக இருந்தாலும் அவள் வாயால் முடியும்வரை கேள்.

நம் கோவில் பாடகர் குழு உன் கல்யாணத்தில் அந்தப் பாட்டைத்தான் பாடப் போகிறார்கள், ஒத்திகையும் ஆரம்பித்துவிட்டார்கள். பாடுவதற்கு முன்னால் எனக்கு இரண்டு நிமிடம் தரும்படி ஆராதனை நடத்துகிற குருவானவரைக் கேட்டிருக்கிறேன். மெட்டு யாருடையது என்று சபைக்கு முன்னால் சொல்ல வேண்டும். பாட்டுப் புத்தகம் போடுகிறவர்களுக்கும் திருத்தச் சொல்லி எழுதிவிட்டேன். உன் கல்யாண நாளில் அப்பா இப்படி நின்று பேசுவது உனக்குச் சங்கடமாக இருந்தால் சொல், வேறொரு ஞாயிறு வைத்துக்கொள்கிறேன். முனியம்மாவுக்கும் அவளோடு பாடிய இரண்டு பேருக்கும் பத்திரிகை வைத்துவிட்டேன். முதல் வரிசையில் உட்கார வைக்க வேண்டும், மறந்துவிடாதே.

இந்த விஷயத்தில் "பரவால்லப்பா" என்று மட்டும் சொல்லாதே. நீ கேட்ட ஒரு நிமிடத்தை இந்தக் கை அழித்திருக்கிறது. கோபப்படு. இரண்டு வாரம் போன் செய்யாமல் இரு. திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

இனி கேசட்டைப் போடலாம். பிரதி எடுக்கக் கொண்டுபோன பெட்டியில் புதுக் கேசட்டைப் போட்டு, இட்லிச் சட்டி பக்கத்திலேயே வைத்து, இன்னொரு தடவை பாடச் சொன்னேன். இதில் உன் அம்மாவின் குரல் இல்லை, அதை எதிர்பார்த்து ஏமாறாதே. ஆனால் மூன்றாவது வரியில் அவர்கள் நிற்பதைக் கேள். அப்படித்தான் அவள் நிற்பாள். முதன்முறையாக நான் எதையும் வெட்டவில்லை. கோவளம் பஸ் ஹாரன் இருக்கும், தட்டு விழும், ஒருவர் கெட்டிச் சட்னி கேட்பார், நான் மூக்கை உறிஞ்சுவதும் இருக்கும். எல்லாம் இருக்கட்டும்.

பாட்டு முடிந்த பிறகும் ஓடவிடு, நிறுத்திவிடாதே. கொஞ்ச நேரம் கழித்து முனியம்மா கேட்பாள். "ஐயரே, இத்தினி வருசமா ஐயரம்மா ஐயரம்மான்னே கூப்ட்டுக்கினு இருந்துட்டோம். அவங்க பேரு இன்னா?" அதற்குப் பிறகு சத்தமே இருக்காது, கேசட் தீர்ந்துவிட்டது என்று நினைப்பாய். தீரவில்லை. அது நான் பேச முடியாமல் உட்கார்ந்திருந்த நேரம். பிறகு என் குரல் கேட்கும்.

"ஞானப்பூ."

உன் அப்பா